பழைய கணினியையும் ரெண்டரிங்கில் இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பரிமாண அனிமேஷன் கற்க நினைக்கும் இளைஞர்களுக்காக உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த ஆலோசனைக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் ரெண்டரிங், அதாவது வடிவமைத்த காட்சியைக் கணினி கணக்கிட்டுப் படமாக்கும் வேலை, மெதுவாக நடந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும், விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குங்கள், முடியாவிட்டால் இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ரெண்டர் சேவையைப் பாருங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டுமே கையிலிருந்து காசு போகும் வழி. வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு கணினியையும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனிமேஷன் என்பது கடைசியில் தனித்தனிப் படங்களின் வரிசைதான். வினாடிக்கு 24 ஃபிரேம் வைத்தால் பத்து வினாடிக்கு 240 படங்கள். இதில் 57-ஆவது படத்தைக் கணக்கிட 56-ஆவது படம் முடிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒளி எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் தெறிக்கிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாகத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் எத்தனை கணினிகள் இருந்தாலும் பிரித்துக் கொடுக்கலாம், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டியதும் இல்லை. பெரிய ஸ்டுடியோக்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் செய்கின்றன. 1995-இல் வந்த டாய் ஸ்டோரி, முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படம், நூற்றுக்கும் மேற்பட்ட சன் நிறுவனக் கணினிகளை இரவு பகலாக ஓடவிட்டுத்தான் ரெண்டர் ஆனது. இப்படிக் கணினிகளைச் சேர்த்து ஓட்டுவதற்கு ரெண்டர் ஃபார்ம் என்று பெயர் வைத்திருப்பதால் அது ஏதோ பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று நம் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டு கணினி இருந்தாலே அது ஃபார்ம்தான்.

சரி, இரண்டாவது கணினியைச் சேர்த்தால் நேரம் பாதியாகிவிடுமா? ஆகாது, இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் பாதியாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிய கணினி ஒரு ஃபிரேமுக்கு 6 நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள், 240 ஃபிரேமுக்கு 24 மணி நேரம். பழையது அதே ஃபிரேமுக்கு 12 நிமிடம் எடுக்கிறது. ஆளுக்குப் பாதி என்று 120, 120 ஆகப் பிரித்தால் என்ன ஆகும்? புதியது 12 மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும், பழையது தன் பங்கை முடிக்க 24 மணி நேரம் ஆகும். ஆக மொத்தத்தில் ஒரு நிமிடம் கூட மிச்சமில்லை! "ரெண்டு கம்ப்யூட்டர் போட்டும் வேகம் கூடவில்லையே" என்று புலம்புகிறவர்களில் பலர் செய்திருப்பது இதுதான். மணிக்கு எத்தனை ஃபிரேம் என்று பார்க்க வேண்டும். புதியது மணிக்கு 10, பழையது 5, சேர்த்தால் 15. அப்படியென்றால் 160 ஃபிரேம் புதியதற்கு, 80 பழையதற்கு. இரண்டும் 16 மணி நேரத்தில் ஒன்றாக முடிக்கும். 24 மணி நேரம் 16 ஆகியிருக்கிறது, அதுவும் பாதி வேகமே உள்ள ஒரு பழைய பெட்டியை வைத்துக்கொண்டு.

இந்த விகிதத்தைத் தெரிந்துகொள்ள, ஒரே ஃபிரேமை இரண்டிலும் ரெண்டர் செய்து நேரம் பாருங்கள். முதல் ஃபிரேமை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் இருட்டிலிருந்து தொடங்குவதாகவோ காலியாகவோ இருக்கும். நடுவிலே நெரிசலாக இருக்கும் ஒன்றை எடுங்கள்.

விகிதமெல்லாம் யார் கணக்குப் பார்ப்பது என்று சலிப்பவர்களுக்கு, முப்பரிமாண வேலைக்கான இலவச மென்பொருளான பிளெண்டரிலேயே ஒரு எளிய வழி இருக்கிறது, அதை ஏன் யாரும் வகுப்பில் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ரெண்டர் ஆன படங்கள் போய்ச் சேரும் ஃபோல்டரை நெட்வொர்க்கில் இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக வையுங்கள். அவுட்புட் அமைப்புகளில் ஓவர்ரைட் என்பதை எடுத்துவிட்டு, பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். பிறகு அதே ஃபைலை இரண்டிலும் திறந்து அனிமேஷனை ரெண்டர் செய்யச் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஒரு கணினி ஒரு ஃபிரேமைத் தொடங்கும்போதே அந்த எண்ணில் ஒரு காலி ஃபைலைப் போட்டுவிடும். மற்றது வந்து பார்த்து, இந்த எண்ணுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று அடுத்ததற்குப் போய்விடும். பந்தியில் இலை போட்டு இடம் பிடிப்பது போலத்தான். வேகமானது தானாகவே அதிக ஃபிரேம்களை எடுத்துக்கொள்ளும், மெதுவானது முடிந்ததைச் செய்யும், விகிதத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நடுவில் மின்சாரம் போனாலோ ஒரு கணினி உறைந்து நின்றாலோ, அது தொடங்கியிருந்த ஃபிரேமின் காலி ஃபைல் அப்படியே தங்கிவிடும், அதை மறுபடி யாரும் தொட மாட்டார்கள். ஆகவே எல்லாம் முடிந்தபின் ஃபோல்டரை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள், பூஜ்ய அளவில் இருப்பவற்றை அழித்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள், விட்டுப்போனவை மட்டும் ரெண்டர் ஆகும். இன்னொன்று, இணையத்தில் தானாகச் சேமித்துப் பகிரும் ஃபோல்டர்களை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு கணினி போட்ட காலி ஃபைல் மற்றதற்குப் போய்ச் சேரவே நேரமாகும், அதற்குள் இரண்டும் ஒரே ஃபிரேமைச் செய்துகொண்டிருக்கும். கேபிள் போட்டு ரௌட்டரில் இணைத்த சாதாரண உள் நெட்வொர்க்தான் சரி. வைஃபையிலும் நடக்கும், ஆனால் டெக்ஸ்ச்சர்களோடு (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) சேர்த்து ஃபைல் இரண்டு ஜிபி இருந்தால் ஒரு கிகாபிட் கேபிளில் அரை நிமிடத்துக்குள் போய்விடும்; வைஃபையில் அது சுவரையும் தூரத்தையும் பொறுத்த விஷயம்.

நெட்வொர்க்கே இல்லையா? பென் டிரைவில் ஃபைலைக் கொண்டுபோய் நான் மேலே சொன்ன விகிதப்படி ஃபிரேம்களைப் பிரித்து ஓட்டுங்கள், கடைசியில் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் போதும். பழைய கணினியில் பிளெண்டர் ஜன்னலைத் திறக்கக்கூட வேண்டாம், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைனிலிருந்தே ஓட்டலாம், அது கொஞ்சம் ராமையும் மிச்சப்படுத்தும். அப்படி ஓட்டும்போது கட்டளையின் வரிசையில் கவனம் தேவை. பிளெண்டர் நீங்கள் எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும், எனவே தொடக்க ஃபிரேம், முடிவு ஃபிரேம் இரண்டையும் சொல்லிவிட்டு ரெண்டர் செய் என்பதைக் கடைசியில் போட வேண்டும். அதை முன்னால் போட்டால் ஃபைலில் உள்ள எல்லா ஃபிரேமையும் முதலிலிருந்து பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் விட ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் ஃபிளமெங்கோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, பிளெண்டரை உருவாக்குபவர்களே இலவசமாகத் தருவது, இதன் மூன்றாம் பதிப்பு 2022-இல் வந்தது. ஒரு கணினியில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேனேஜர், வேலை செய்யும் ஒவ்வொன்றிலும் ஒர்க்கர் என்று போட வேண்டும். எந்த ஃபிரேம் யாரிடம் இருக்கிறது, எது தோற்றது என்பதை பிரவுசரிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டே கணினிக்கு இது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம், மூன்று நான்கு ஆனால் இதுதான் சரியான வழி.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், வீடியோவாக நேரடியாக ரெண்டர் செய்யாதீர்கள். ஒரே வீடியோ ஃபைலுக்குள் இரண்டு கணினிகள் எழுத முடியாது, அதோடு பாதியில் நின்றால் செய்ததெல்லாம் போய்விடும். பிஎன்ஜி அல்லது ஓப்பன் இஎக்ஸ்ஆர் படங்களாகவே எடுத்துக்கொண்டு கடைசியில் சேர்த்து வீடியோ ஆக்குங்கள், அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஒரே கணினி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது கணினியில் எடுத்த படங்கள் மட்டும் தப்பாக வருகின்றன என்ற புகார் பெரும்பாலும் ஃபைலைச் சரியாகத் தயாரிக்காததால் வருவது. சுவரும் தரையும் பளிச்சென்று இளஞ்சிவப்பாக வந்தால் டெக்ஸ்ச்சர் படங்கள் அந்தக் கணினியில் கிடைக்கவில்லை என்று அர்த்தம், முதல் கணினியின் ஏதோ ஒரு டிரைவில் இருக்கும் முகவரியைத்தான் ஃபைல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டா என்ற பகுதிக்குப் போய் எல்லாப் படங்களையும் ஃபைலுக்குள்ளேயே அடக்கிவிட்டால் இந்தத் தொல்லை போகும், ஃபைல் பெரிதாகும் என்பதைத் தவிர. இரண்டிலும் பிளெண்டரின் அதே பதிப்பு இருக்க வேண்டும், கிட்டத்தட்ட அதே அல்ல, அதே. நிறுவத் தேவையில்லாத ஜிப் பதிப்பை இறக்கி அந்த ஃபோல்டரையே இரண்டிலும் காப்பி செய்துகொள்வது சுலபம். கூடுதலாகச் சேர்த்த ஆட்-ஆன்களும் அப்படித்தான். படத்தில் மணல் தூவியது போல வரும் புள்ளிகளை (நாய்ஸ்) நீக்கும் டீநாய்ஸரும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்; ஒன்றில் என்விடியாவின் ஆப்டிக்ஸும் இன்னொன்றில் இன்டெலின் ஓப்பன் இமேஜ் டீநாய்ஸும் இருந்தால் தனித்தனியாகப் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது, வீடியோவாக ஓடும்போது சுவரின் நுண்ணிய தடங்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஃபிரேம்கள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. புகை, துணி, தண்ணீர் போன்ற சிமுலேஷன்கள். துணி 161-ஆவது ஃபிரேமில் எப்படி மடிந்திருக்கும் என்பது அதற்கு முந்தைய 160 ஃபிரேம்களில் அது எப்படி அசைந்தது என்பதைப் பொறுத்தது. பழைய கணினியை நேராக 161-இல் தொடங்கச் சொன்னால் அதற்கு அந்த வரலாறு தெரியாது. எனவே சிமுலேஷனை முதலில் ஒரு கணினியில் முழுவதுமாகக் கணக்கிட்டு டிஸ்கில் சேமித்துவிட்டு, அந்தச் சேமிப்பையும் ஃபைலோடு சேர்த்தே மற்றதற்குக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, இரண்டு பகுதிகளும் சேரும் இடத்தில் துணி ஏன் குதிக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு பயனில்லை.

ராம் விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எட்டு ஜிபி கணினிகள் இரண்டைச் சேர்த்தால் பதினாறு ஜிபி காட்சியை ரெண்டர் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. ஒவ்வொரு கணினியும் முழுக் காட்சியையும் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் தன் பங்கு ஃபிரேமைச் செய்கிறது. கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்தால் கார்டின் நினைவகத்துக்கும் இதே கதைதான், அடங்காவிட்டால் பிழை காட்டி நிற்கும், அல்லது ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அப்படி அடங்காத காட்சிகளுக்குப் பழைய கணினியில் கார்டை விட்டுவிட்டு, கணினியின் மையச் செயலியான சிபியுவில் ஓட்டிப் பார்க்கலாம்; கணினியின் ராம் பொதுவாகக் கார்டில் இருப்பதைவிட அதிகம்.

அனிமேஷன் வேண்டாம், ஒரே ஒரு படம்தான், கட்டடத்தின் உட்புறக் காட்சி மாதிரி பெரிதாக ஒன்று, அதை இரண்டு கணினிகளில் பிரிக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். மேல் பாதி ஒன்றுக்கு, கீழ்ப் பாதி மற்றதற்கு என்று பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஆனால் மேல் பாதியில் வெற்றுக் கூரையும் கீழ்ப் பாதியில் கண்ணாடி மேசையும் பளபளக்கும் தரையும் இருந்தால் வேலை சமமாகப் பிரியாது. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பிளெண்டரோடு வரும் சைக்கிள்ஸ் போன்ற ரெண்டரர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளிக்கதிர்களைச் சீரற்ற திசைகளில் அனுப்பிச் சராசரி எடுப்பவை, அதனால்தான் சாம்பிள், அதாவது ஒரு புள்ளிக்கு அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கை, குறைவாக இருக்கும்போது படம் மணல் தூவியது போல வருகிறது. இரண்டு கணினிகளிலும் முழுப் படத்தையே ரெண்டர் செய்யுங்கள், சாம்பிளைப் பிரித்துக்கொள்ளுங்கள், அந்தச் சீரற்ற திசைகளைத் தீர்மானிக்கும் சீட் என்ற எண்ணை மட்டும் வேறு வேறாக வையுங்கள். பிறகு இரண்டையும் சராசரி எடுத்தால் மொத்த சாம்பிளும் சேர்ந்த தரம் கிடைக்கும். ஒன்று 600 சாம்பிள், மற்றது 300 என்றால் சராசரியிலும் இரண்டுக்கு ஒன்று என்ற எடை கொடுக்க வேண்டும். சீட் எண் ஒன்றாகவே இருந்துவிட்டால் இரண்டிலும் ஒரே மணல் ஒரே இடங்களில் விழும், சேர்த்து ஒரு பயனும் இல்லை. இந்த வேலைக்கு ஓப்பன் இஎக்ஸ்ஆர்தான் வேண்டும், பிஎன்ஜியில் நிறங்கள் திரைக்கு ஏற்ப ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும், அதைச் சராசரி எடுத்தால் வெளிச்சப் பகுதிகள் தப்பாக வரும். டீநாய்ஸ் செய்வது சேர்த்த பிறகு.

ஒற்றைப் படத்தில் லாபம் கொஞ்சம் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு படத்துக்கு 5 நிமிடம் ஆகிறது, அதில் 1 நிமிடம் காட்சியை ஏற்றுவதற்கே போகிறது என்றால், அந்த 1 நிமிடம் இரண்டு கணினிகளுக்கும் தனித்தனியாக ஆகும், மீதி 4 மட்டுமே 2 ஆகும். ஆக இரண்டரை அல்ல, மூன்று நிமிடம். பிரிக்க முடியாத பகுதிதான் வேகத்துக்கு எல்லை போடுகிறது என்று ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவைத்தார், கணினி அறிவியல் படித்தவர்கள் தேர்வுக்கு எழுதியிருப்பார்கள்.

எந்தப் பழைய கணினியும் உதவும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஃபிரேமுக்கு ஒரு மணி நேரம் எடுக்கும் பழம்பெட்டி என்றால், புதியது எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் காத்திருக்க, இது கடைசியாகப் பிடித்த ஒரே ஃபிரேமை வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டிருக்கும். முடிவு நெருங்கும்போது அதை நிறுத்தி, அதன் காலி ஃபைலை அழித்துவிட்டு, புதியதில் இன்னொரு முறை ஓட்டினால் அது அதையும் முடித்துவிடும். மின்சாரத்தையும் பாருங்கள். 300 வாட் எடுக்கும் புதிய கணினி 6 நிமிடத்தில் ஒரு ஃபிரேமை முடித்தால் 0.03 யூனிட். 200 வாட் எடுக்கும் பழையது 12 நிமிடம் ஓடினால் 0.04 யூனிட். பார்க்கக் குறைவாக எடுக்கிற மாதிரி இருந்தாலும் படத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் பழையதுதான் அதிகம் தின்கிறது. அவசரம் இல்லாத வேலைக்கு அதை எழுப்பாமல் இருப்பதே மேல். தூசி அடைத்த மின்விசிறியோடு பல மணி நேரம் ஓடினால் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு தடவை திறந்து துடைத்துவிடுங்கள். ஸ்லீப்புக்குப் போகும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் வந்து பார்த்தால் ஏழு ஃபிரேம்தான் ஆகியிருக்கும்.

அதற்கும் முன்னால், ரெண்டர் அமைப்புகளை ஒரு முறை பாருங்கள். சைக்கிள்ஸில் தானாக வரும் சாம்பிள் எண் 4096. பெரும்பாலான காட்சிகளுக்கு டீநாய்ஸரோடு அவ்வளவு தேவையே இல்லை. கைப்பேசியில் பார்க்கப்போகும் ஒரு வீடியோவை 4கே அளவில் எடுப்பது 1080 அளவைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். இதையெல்லாம் சரிசெய்தாலே இரண்டாவது கணினி தருவதைவிட அதிகம் மிச்சமாகும், பிறகு அதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

நேரத்தைத் தாண்டி ஒரு லாபமும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. ரெண்டர் ஓடும்போது ஒரே கணினி வைத்திருப்பவர் வேறு எதுவும் செய்ய முடியாது, மவுஸ் கூட நகராது. பழையது மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, சோதனை ரெண்டர்களை அதனிடம் தள்ளிவிட்டு நீங்கள் புதியதில் அடுத்த காட்சியை வடிவமைத்துக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, பயிற்சி நிலையங்களைப் பற்றி. அனிமேஷன் வகுப்பு நடத்தும் இடங்களில் ஒரே மாதிரிக் கணினிகள் வரிசையாக, ஏற்கெனவே நெட்வொர்க்கில் இணைத்தே இருக்கின்றன. மாலை வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பூட்டுகிறார்கள். அங்கே படிக்கும் மாணவரோ இறுதி புராஜெக்டைத் தன் லேப்டாப்பில் போட்டுவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறார், நேரம் போதாமல் பாதிக் காட்சியை வெட்டியும் விடுகிறார். ஒரே வேகமுள்ள பத்து கணினிகள் இருந்தால் 24 மணி நேர ரெண்டர் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். மின்சாரச் செலவும் பாதுகாப்பும் நிர்வாகத்தின் கவலை என்பது புரிகிறது, வாரத்தில் ஒரு இரவாவது, ஒருவர் மேற்பார்வையில், மாணவர்களின் ரெண்டருக்கு அந்தக் கணினிகளை ஒதுக்கலாம். பாடத்திட்டத்தில் இரண்டு வகுப்பை ஃபிளமெங்கோவுக்கும் கமாண்ட் லைனுக்கும் கொடுக்கலாம், ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தால் ரெண்டர் ஃபார்மோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உங்கள் கணினிப் பக்கத்தில் இதைப் படங்களோடு, படிப்படியாக ஒரு தொடராகப் போட்டால் மாணவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டுபோய்த் தங்கள் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.

இப்படிக்கு,
முப்பரிமாண வேலை செய்யும் ஒரு வாசகர்